விட்டு விட்டு வெடிக்கும் எஞ்சின்

அத்தியாயம் ஒன்பது

கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் விழுந்த சத்தம் ரேடியோவுக்கு நன்றாகவே கேட்டது. கேட்டும், அது வேறு ஏதாவது சத்தமாக இருக்கட்டும் என்று ஒரு கணம் வேண்டிக்கொண்டான். பிறகு போய்த் தள்ளிப் பார்த்தான். தோளைக் கொடுத்து முட்டினான். கதவு அசையவில்லை, தோள்தான் அசைந்தது.

"அத்தான், நம்மளை உள்ளே வெச்சுப் பூட்டிட்டாங்க."

மேஜை மேல் ஓடிக்கொண்டிருந்த குட்டி எஞ்சினுக்குப் பக்கத்தில் குனிந்திருந்த அத்தான் நிமிரக்கூட இல்லை. "கேட்டுது" என்றார்.

அத்தான் துப்பறிவாளர். ஊருக்கெல்லாம் சார், ரேடியோவுக்கு மட்டும் அக்கா புருஷன். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிற மனுஷன். மிச்சம் ஒன்பதையும் சேர்த்துப் பேசுவது மச்சினனின் வேலை. அவனுக்கு ரேடியோ என்று பெயர் வந்ததே அப்படித்தான்.

ஆனால் இந்த அறையில் ரேடியோ எவ்வளவு சத்தமாகப் பாடினாலும் கேட்க ஆளில்லை. பல் டாக்டரின் கிளினிக்குக் கீழே, படி இறங்கி வர வேண்டிய நிலவறை அது. ஒரு காலத்தில் எக்ஸ்ரே அறை. அதனால் சுவருக்குள் ஈயத்தகடு, கதவுக்குள்ளும் ஈயத்தகடு. ஜன்னல் என்ற பேச்சே கிடையாது. செல்போனில் சிக்னல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி. எஞ்சினின் புகை வெளியே போக டாக்டர் சுவரைத் துளைத்து ஓர் இரும்புக்குழாய் பதித்திருந்தார், கட்டைவிரல் தடிமனில். அது வளைந்து மேலேறிப் பின்பக்கச் சந்தில் போய் முடியும். வெளியுலகத்துக்கும் இந்த அறைக்கும் இருந்த உறவு அந்தக் குழாய் மட்டும்தான்.

டாக்டர் போன வாரம் செத்துக் கிடந்ததும் இதே அறையில்தான். இதோ, அத்தானின் முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஸ்டூலில் உட்கார்ந்தபடி, மேஜை மேல் தலையைச் சாய்த்து. எஞ்சினிலிருந்து சுவர்க்குழாய்க்குப் போகிற ரப்பர் டியூப் கழன்று தொங்கியிருந்தது. பெட்ரோல் தீரும் வரை ஓடிய எஞ்சின் அறை முழுக்கப் புகையை நிரப்பியிருந்தது. விபத்து என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், வயிற்றில் தூக்க மாத்திரை இருந்தது தெரியும் வரை. மாத்திரை அலமாரியின் சாவி கம்பவுண்டர் பஞ்சுவிடம் இருந்தது. பல் பிடுங்கியவர்களுக்கெல்லாம் பஞ்சு உருட்டிக் கொடுத்துக் கொடுத்தே அந்தப் பெயர் வாங்கியவன். போலீஸ் அவனைப் பிடித்துப் போட்டது. நாளைக் காலையில் கோர்ட்டில் நிறுத்தப்போகிறார்கள். பஞ்சுவின் மனைவி அத்தானைத் தேடி வந்தபோது அழவில்லை; எறும்பைக்கூட அவர் ஊதித்தான் விடுவார் என்று மட்டும் சொன்னாள்.

டாக்டரின் மனைவி, டாக்டரம்மாவும் அதை நம்பினாள். அவள்தான் இன்று மத்தியானம் நிலவறைச் சாவியைக் கொடுத்துவிட்டு, பஞ்சுவின் மனைவியைக் கூட்டிக்கொண்டு வக்கீலைப் பார்க்கப் போனாள். பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். இவர்கள் படி இறங்கப்போன நேரத்தில் டாக்டரின் தம்பி எதிரே வந்தார். பின்பக்கச் சந்தில் மோட்டார் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர். கையில் கிரீஸ், முகத்தில் சோகம், இரண்டையும் ஒரே துணியில் துடைத்துக்கொண்டார். வீட்டை விற்கும் தகராறில் அண்ணனோடு பேச்சுவார்த்தையே அறுந்துபோனதையும், அந்த அறைக்குள் தன் கால் பட்டதே இல்லை என்பதையும் அவராகவே சொன்னார். "உள்ளே என்ன பொம்மை செஞ்சு வெச்சிருந்தான்னுகூட எனக்குத் தெரியாதுங்க. நமக்கு லாரி, வேன்தான்" என்றார்.

உள்ளே இருந்தது பொம்மை இல்லை. பலகையில் திருகி நிறுத்திய நிஜ எஞ்சின், தையல் மிஷினின் தலை அளவுக்கு. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கனத்த சக்கரங்கள். நடுவில் ஒரு சிலிண்டர். பல்லுக்குக் குழி எடுக்கும் கையால் டாக்டர் ஒவ்வொன்றாக ராவி, இழைத்து, மெருகேற்றிச் செய்தது. டியூப் தானாகக் கழன்று விழுமா என்று பார்க்கத்தான் அத்தான் அதை மாட்டி, சக்கரத்தைச் சுற்றிவிட்டிருந்தார். தொட்டதும் பிடித்துக்கொண்டது. டப் டப் டப் டப் என்று பிசிறில்லாமல் ஓடியது. டியூப் அசையவில்லை. நாலு பேர் இழுத்தாலும் வராது போலிருந்தது.

அப்போதுதான் தாழ்ப்பாள் விழுந்தது.

"சரி, இருக்கட்டும். டாக்டரம்மா வந்ததும் திறந்துவிடப் போறாங்க" என்று ரேடியோ தனக்கே ஆறுதல் சொல்லிக்கொண்டு ஸ்டூலில் உட்காரப் போனான். அது யாருடைய ஸ்டூல் என்று ஞாபகம் வந்து நின்றான். நின்றவனுக்கு மூக்கு எரிந்தது.

புகை. டியூபும் குழாயும் சேர்கிற இடத்தில் கசிந்து, வெளியே போக வேண்டியது உள்ளே வந்துகொண்டிருந்தது. அத்தான் டியூபை உருவிவிட்டு நீளமான கம்பி ஒன்றைக் குழாய்க்குள் விட்டுப் பார்த்தார். வளைவில் போய் முட்டியது, அதற்கு மேல் போகவில்லை. குழாயில் வாயை வைத்து ஊதினார். காற்று திரும்பி அவர் முகத்திலேயே அடித்தது. மறுமுனையை யாரோ சந்தில் நின்று துணி வைத்து அடைத்திருக்கிறார்கள்.

ரேடியோவின் கை எஞ்சினின் சுவிட்சுக்குப் பாய்ந்தது. அத்தான் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நிறுத்தாதே. நாம முழிச்சிருக்கோம்னு தெரிஞ்சுடும்."

"தெரிஞ்சா தெரியட்டுமே. உயிரோட இருக்கறது என்ன ரகசியமா?"

அத்தான் குரலைத் தாழ்த்திச் சொன்னது இதுதான். கதவைச் சாத்தினவன் டாக்டரம்மா வருவதற்குள் திரும்பி வந்தே ஆக வேண்டும். தாழ்ப்பாளைத் திறந்து, அடைப்பை எடுத்துவிட்டால்தான் இதுவும் ஒரு விபத்தாகத் தெரியும்; அபாயமான எஞ்சின், சோதித்துப் பார்க்கப் போனவர்களும் செத்தார்கள் என்று முடியும். எஞ்சின் நின்றுவிட்டாலோ, இவர்கள் சுதாரித்துவிட்டார்கள் என்று புரிந்துகொண்டு சத்தமில்லாமல் தாழ்ப்பாளை விலக்கிவிட்டுப் போய்விடுவான். பூட்டினது யார் என்று கேட்டால் கதவு பதில் சொல்லாது. நாளைக்குப் பஞ்சு கோர்ட்டுக்குப் போவான்.

"அப்போ எஞ்சினை ஓட விட்டா?"

"நாம போயிடுவோம்."

கதவு ஒரு பக்கம் பூட்டியிருக்கிறது என்றால், அத்தான் இன்னொரு பக்கம் பூட்டுகிறார். தான் செத்தால் அக்கா அத்தானைச் சும்மா விடமாட்டாள் என்று எச்சரித்தான். தானும்தானே செத்திருப்பேன் என்றார் அத்தான். அதற்குப் பிறகும் விடமாட்டாள் என்றான் ரேடியோ. அத்தான் அதை மறுக்கவில்லை.

மாறாக, வாயை மூடச் சொன்னார். பேசப் பேசக் காற்று செலவாகும். ரேடியோவுக்கு இதைவிடப் பெரிய தண்டனை எந்தச் சட்டத்திலும் இல்லை. ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிட்டு மூடிக்கொள்வதாகக் கெஞ்சினான். சாவியைக் கொடுத்தது டாக்டரம்மா. இறங்கிப் போங்கள் என்று வழிகாட்டியது டாக்டரம்மா. வெளியே போவதாகச் சொல்லிவிட்டுப் போகாமல் இருந்தால்?

அத்தான் கையை நீட்டினார். ரேடியோவின் போன் வேண்டுமாம். டாக்டர் செத்த அன்று மத்தியானம் எடுத்த வீடியோ ஒன்றை டாக்டரம்மா அனுப்பியிருந்தாள். ரேடியோ ஏற்கெனவே பார்த்ததுதான், பாதியில் தள்ளிவிட்டதுதான். இப்போது அத்தான் அதைக் காதோடு ஒட்டி வைத்துப் போட்டார்.

இதே மேஜை, இதே எஞ்சின். டப் என்று ஒரு வெடி. அப்புறம் ஒன்றும் இல்லை. சக்கரம் மட்டும் சர்சர் என்று சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றிச் சுற்றி, அவ்வளவுதான் நின்றுவிட்டது என்று நினைக்கும்போது இன்னொரு டப். டாக்டரின் குரல் குழந்தையைத் தூங்கவைப்பவர் போலத் தணிந்து கேட்டது: "பாரு... வெடிக்கலை... இன்னும் வெடிக்கலை... சும்மா உருளுது... இதோ."

"பாவம். ரிப்பேரான எஞ்சினை வெச்சுக்கிட்டு இவ்வளவு சந்தோஷமா?" கொடுத்த வாக்கை மீறி ரேடியோ கேட்டுவிட்டான். "இப்ப எவ்வளவு நல்லா ஓடுது பாருங்க. ஒரு வெடிகூட தவறலை."

அத்தான் அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் பாராட்டு இருந்தது. "அதேதான் அவனும் நினைச்சிருக்கான்" என்றார்.

சாதாரண எஞ்சின் நிறுத்தாமல் வெடித்துக்கொண்டே இருக்கும். இந்த ரகம் அப்படி இல்லை. வேகம் போதும் என்று ஆனதும் ஒரு சின்ன நெம்புகோல் வந்து வால்வைத் திறந்தபடி பிடித்துக்கொள்ளும். வெடிப்பும் இல்லை, பெட்ரோல் செலவும் இல்லை. சக்கரம் தன் கனத்திலேயே உருளும். வேகம் குறைந்ததும் நெம்புகோல் விலகி ஒரே ஒரு வெடி. சைக்கிளை ஒரு மிதி மிதித்துவிட்டுச் சும்மா போவதைப் போல. எவ்வளவு நேரம் வெடிக்காமல் உருள்கிறதோ அவ்வளவுக்குச் செய்தவரின் கை சுத்தம். அந்த நெம்புகோலை இழுத்துப் பிடிக்கிற ஸ்பிரிங்கைத் தளர்த்தியும் இறுக்கியும் டாக்டர் மாதக்கணக்கில் மல்லாடியிருக்கிறார். கடைசியில் சரியான இடம் கிடைத்ததும், நட்டு நகராமல் இருக்க டாக்டரம்மாவின் நகப்பூச்சை எடுத்து அதன் மேல் ஒரு கோடு போட்டிருக்கிறார். தன் நகப்பூச்சு பாட்டிலைத் தேடித் தேடிக் கடைசியில் இந்த அறையில் கண்டெடுத்ததை டாக்டரம்மா சிரிப்பும் கண்ணீருமாகச் சொல்லியிருந்தாள்.

அத்தான் போனின் வெளிச்சத்தை நட்டின் மேல் காட்டினார். வீடியோவில் நட்டின் மேலும் தண்டின் மேலும் ஒரே நேராக ஓடிய சிவப்புக் கோடு, இப்போது இரண்டு துண்டாக இருந்தது. ஒரு துண்டு தண்டில். நட்டோடு போன மற்றது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. நட்டை யாரோ நன்றாக உள்ளே இறுக்கியிருந்தார்கள்.

"டாக்டர் தூங்கிட்டார். டியூபை உருவியாச்சு. கிளம்பற நேரம், எஞ்சின் விட்டு விட்டு வெடிக்குது. அவனுக்கு எப்படி இருந்திருக்கும்?"

ரேடியோவுக்குப் புரிந்தது. நின்றுவிடப் போகிறது என்று பயந்திருப்பான். எஞ்சின் நின்றால் புகை நிற்கும், டாக்டர் எழுந்துவிடுவார். அதனால் ரிப்பேர் பார்த்திருக்கிறான்.

பஞ்சு அதைச் செய்திருக்க மாட்டான். அவனை நிற்கவைத்து டாக்டர் தினமும் இந்த எஞ்சினைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறார். டாக்டரம்மாவும் செய்திருக்க மாட்டாள். கோடு போட்ட நகப்பூச்சே அவளுடையது. எந்த நட்டைத் திருகினால் வெடிப்பு கூடும் என்று பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிக்கிற அளவுக்கு மோட்டார் தெரிந்தவன், ஆனால் இந்த மோட்டாரைத் தெரியாதவன். ரேடியோவுக்கு ஒரு கிரீஸ் துணி ஞாபகம் வந்தது.

"இப்போ சந்தில் நின்னு குழாய் மேல கை வெச்சிருப்பான். ஒவ்வொரு வெடியும் அவன் கைக்குத் தெரியும்" என்றார் அத்தான். இவ்வளவு பேசி அவரை ரேடியோ பார்த்ததில்லை. பேசக்கூடாத நேரமாகப் பார்த்துத்தான் மனுஷனுக்கு வாய் திறக்கிறது. "காட்டுவோம். நின்னுடப் போறதுன்னு காட்டுவோம்."

டியூபைப் பழையபடி மாட்டிவிட்டு, மேஜையிலிருந்து சின்ன ஸ்பேனரை எடுத்தார். ரேடியோவுக்குக் கண் கரித்தது. நெற்றிப்பொட்டில் யாரோ விரலால் அழுத்துவது போலிருந்தது. அத்தான் நட்டைக் கால் சுற்று தளர்த்தினார். டப் டப் டப். இன்னும் கொஞ்சம். ஒரு வெடி தவறியது, உடனே பிடித்துக்கொண்டது. இன்னும் கொஞ்சம். இரண்டு தவறின. அளவுக்கு மீறித் தளர்த்தினால் எஞ்சின் ஒரேயடியாகப் படுத்துவிடும்; போதாமல் விட்டால் இவர்கள் படுத்துவிடுவார்கள். அத்தானின் நெற்றியிலிருந்து வியர்வை சக்கரத்தின் மேல் விழுந்து சிதறியது. நட்டிலிருந்த சிவப்புத் துண்டு மெல்ல மெல்லத் திரும்பி, தண்டிலிருந்த துண்டை நெருங்கி, அதோடு சேர்ந்தது.

எஞ்சினின் சத்தம் அடங்கியது. சக்கரம் மட்டும் சுற்றியது. சுற்றியது. ரேடியோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். செத்துப்போச்சு என்று உதட்டை அசைக்கப் போனபோது, டப். மறுபடி நீண்ட மௌனம்.

வெடித்தால்தானே புகை. ஒவ்வொரு மௌனத்துக்கும் ஒரே ஒரு சின்ன ஊதல் மட்டும் கசிந்தது. அத்தான் அவனுக்கு ஒரு பல் டாக்டர் முகமூடியை எறிந்தார். அது எதற்கும் உதவாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். இருந்தாலும் ரேடியோவின் வாயை மூடப் பயன்பட்டது.

பிறகு படுக்க வேண்டியதுதான் பாக்கி. கதவோரத்து அலமாரியில் பல் அச்சு எடுத்த மாவுப் பற்கள் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்தன. இரண்டு சிரிப்புகளுக்கு நடுவே போனைச் செருகி, எஞ்சினைப் பார்த்தபடி வீடியோவை ஓடவிட்டார் அத்தான். ரேடியோ கதவோரம் குப்புற விழுந்து கன்னத்தைச் சிமெண்டுத் தரையில் வைத்தான். அத்தான் அவனுக்கு அந்தப் பக்கம், சுவரோரம்.

காத்திருந்தார்கள். கூரை இறங்கி வருவது போலிருந்தது. ரேடியோவின் நாக்குக்குப் பின்னால் சொல்லாத கிண்டல்கள் பஸ்ஸுக்கு நிற்பவர்களைப் போல முண்டியடித்தன. கொட்டாவி வந்தது. கொட்டாவிதான் முதல் ஆபத்து என்று அவனுக்குத் தெரியும். கண்ணை மூடினால் இதமாக இருக்கும் போலிருந்தது. அப்படித்தான் டாக்டருக்கும் இருந்திருக்கும் என்று நினைத்ததும் திறந்துகொண்டான். டப் என்று எஞ்சின் வெடித்தபோதெல்லாம் இது கடைசியாக இருக்கக் கூடாது என்று எண்ணினான். திரும்ப வெடிக்காதபோது, வெடிக்கவே வேண்டாம் என்றும் எண்ணினான். இமை கனத்துச் செருகியது. அத்தானின் விரல்கள் வந்து அவன் முழங்கையை ஈவிரக்கமில்லாமல் கிள்ளின.

தாழ்ப்பாள் விலகியது.

கதவு திறந்ததும் வந்த காற்றை ஒரேயடியாக இழுத்துவிடாமல் இருப்பதுதான் ரேடியோ தன் ஆயுளில் செய்த கஷ்டமான வேலை. ஒரு கால் அவனைத் தாண்டியது. கிரீஸ் வாடை. அரைக்கண்ணால் பார்த்தான். கைக்குட்டையை மூக்கோடு கட்டிக்கொண்ட ஆள், கீழே கிடக்கும் இரண்டு பேரைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. நேராக எஞ்சினிடம் போய் நின்றார். தலையைச் சாய்த்து அதன் மௌனத்தைக் கேட்டார். நோயாளியின் நெஞ்சைக் கேட்பவர் போல. முகம் சுளித்தது.

"சனியன். இன்னிக்கும் நிக்கப் பாக்குது."

கை தானாக நீண்டது. தேடவே இல்லை. சின்னச் சின்ன நட்டுகள் எத்தனையோ இருந்த அந்த எஞ்சினில் அது நேராக ஒரே நட்டுக்குத்தான் போனது. சிவப்புக் கோட்டை உடைத்துக்கொண்டு இரண்டு திருகு திருகியது. டப் டப் டப் டப் என்று எஞ்சின் பிடித்துக்கொண்டது. அந்த ஆளின் தோள்கள் நிம்மதியில் தளர்ந்தன.

"அது ரிப்பேர் இல்லைங்க" என்றார் அத்தான். "உங்க அண்ணன் அப்படித்தான் ஓட விட்டிருந்தார்."

தம்பி திரும்பினார். அத்தான் கதவருகே நின்றுகொண்டிருந்தார். ரேடியோ ஏற்கெனவே வாசலுக்கு வெளியே, சுவரைப் பிடித்துக்கொண்டு, தாழ்ப்பாளில் கை வைத்தபடி. அறையின் அந்தக் கடைசியில் எஞ்சினும் தம்பியும் மட்டும். அவர் கண் மேஜை மேலிருந்த ஸ்பேனருக்குப் போய், கதவுக்கு வந்து, நடுவிலிருந்த தூரத்தை அளந்தது. அலமாரியில் பற்களுக்கு நடுவே போனின் கண் அவரையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கடைசியில்தான் கவனித்தார். அதற்குப் பாய்ந்தார். அவருக்கு முன்னால் அத்தானின் கை பாய்ந்தது. மாவுப் பற்கள் உதிர்ந்து நொறுங்கின. போனோடு அத்தான் வெளியே வர, ரேடியோ கதவை முட்டிச் சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளினான்.

உள்ளே ஓங்கி உதைக்கும் சத்தம் எங்கோ பக்கத்து ஊரில் கேட்பது போலக் கேட்டது. அதற்கும் அடியில், கதவில் காதை வைத்தால், டப் டப் டப்.

குழாயில் அடைப்பு இன்னும் இருப்பது ரேடியோவுக்கு ஞாபகம் வந்தது. அடைத்தவரே உள்ளே இருக்கிறார். அவன் கை தாழ்ப்பாளிடமே திரும்பிப் போனது. எஞ்சினை நிறுத்துவாரா என்று கேட்டான்.

"நிறுத்துவார்" என்றார் அத்தான். "அதைச் சரியா ஓட வைக்கத்தான் அவருக்குத் தெரியாது."

இரண்டு பேரும் கதவில் காதை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். டப் டப் டப் டப். டப். அப்புறம் ஒன்றும் இல்லை. ரேடியோ இன்னொரு வெடிக்காகக் காத்திருந்தான். வரவில்லை. இந்த முறை நிஜமாகவே நின்றிருந்தது.

அத்தான் முதலில் சந்துக்குப் போய்க் குழாய் வாயிலிருந்த கிரீஸ் துணியைப் பிடுங்கி, பத்திரமாக ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்தார். ரேடியோ படியில் உட்கார்ந்து கைப்பிடியை விடாமல் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தான். இனிமேல் பேசலாம் என்று சைகை காட்டி அத்தான் போனை அவனிடம் கொடுத்தார். படியின் பாதியிலேயே சிக்னல் வந்திருந்தது. அவன் இன்ஸ்பெக்டரின் நம்பரை அழுத்தினான். மறுமுனையில் ஹலோ என்றார்கள். திரும்பவும் ஹலோ என்றார்கள். சேர்த்து வைத்திருந்த அத்தனை வார்த்தைகளும் ஒரே நேரத்தில் புறப்பட்டுத் தொண்டையில் சிக்கிக்கொண்டதில் ரேடியோவிடமிருந்து சத்தமே வரவில்லை.

அத்தான் போனை வாங்கிக்கொண்டார்.

"பஞ்சுவை வீட்டுக்கு அனுப்புங்க" என்றார்.